4 கீயில் ₹ இருக்கிறது, திரையில் ஏன் வரவில்லை?

பல லேப்டாப்களில் 4 கீயின் மூலையில் சின்னதாக ₹ அச்சாகியிருக்கும். ஷிஃப்ட் பிடித்து அடித்தால் $ வருகிறது. எஃப்என் பிடித்தாலும் இடது ஆல்ட் பிடித்தாலும் ஒன்றும் வருவதில்லை. கடைசியில் "கீபோர்டு போச்சு" என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீபோர்டில் ஒரு பழுதும் இருக்காது.

ஒரு கீயை அழுத்தும்போது கம்ப்யூட்டருக்குப் போவது எழுத்து அல்ல. "இந்த இடத்தில் உள்ள கீ அழுத்தப்பட்டது" என்ற தகவல் மட்டுமே. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸில் தேர்ந்திருக்கும் கீபோர்டு லேஅவுட். பிளாஸ்டிக்கின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. சிறப்புக் குறிகள் தொடர்பாக வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் முடியும்.

₹ வர வேண்டுமானால் லேஅவுட் "இங்கிலீஷ் இந்தியா" என்று இருக்க வேண்டும். அழுத்த வேண்டியது ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் உள்ள ஆல்ட். வலது ஆல்ட் + 4. வலது ஆல்ட் இல்லாத குட்டிக் கீபோர்டு என்றால் கன்ட்ரோல் + ஆல்ட் + 4 அதே வேலையைச் செய்யும். லேஅவுட் "யுஎஸ்" என்று இருந்தால் இரண்டுமே வேலை செய்யாது. புது லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்யும்போது எல்லாவற்றுக்கும் "நெக்ஸ்ட்" கொடுத்துவிட்டால் பெரும்பாலும் யுஎஸ்தான் உட்கார்ந்திருக்கும்.

மாற்றும் வழி, விண்டோஸ் 11-இல்: செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். அங்கே இங்கிலீஷ் இந்தியா இல்லையென்றால் ஆட் எ லாங்குவேஜ் வழியாகச் சேர்க்கவும். இருந்தால் அதன் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போனால் கீழே கீபோர்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். மொழியின் பெயர் இங்கிலீஷ் இந்தியா என்று இருந்தும், அதற்குள் இருக்கும் கீபோர்டு யுஎஸ் என்று இருக்கலாம். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மொழி வேறு, லேஅவுட் வேறு. ஆட் எ கீபோர்ட் கொடுத்து இங்கிலீஷ் இந்தியாவைச் சேர்த்துவிட்டு, யுஎஸ்ஸை நீக்கிவிடுங்கள். இரண்டையும் வைத்திருந்தால் தெரியாமல் கை பட்டு மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது எந்த லேஅவுட் ஓடுகிறது என்று பார்க்க, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மொழிச் சுருக்கத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். முழுப் பெயரும் வரும்.

இந்தக் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனி எண் தரும் உலகத் தரம் யூனிகோட்; அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அதன் 6.0 பதிப்பில் அதற்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பு உருவான எழுத்துருக்களில் ₹ இருக்க வாய்ப்பே இல்லை. பழைய பில்லிங் மென்பொருள்களிலும் பழைய பிரிண்டர்களிலும் ₹ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் விழுவது இதனால்தான்.

@ அடித்தால் " வருகிறதா?

இது ₹-ஐ விடப் பரவலான தொல்லை. மின்னஞ்சல் முகவரி அடிக்கும்போது ஷிஃப்ட் + 2-க்கு @ வராமல் " வரும். " அடித்தால் @ வரும். # அடித்தால் £ வரும். இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால் லேஅவுட் "யுனைடெட் கிங்டம்" ஆகிவிட்டது என்று அர்த்தம். வேறு எதையும் சோதிக்க வேண்டாம். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அடித்தால் இருக்கும் லேஅவுட்கள் வரிசையாக வரும், மாற்றிக்கொள்ளலாம். பிறகு செட்டிங்ஸ் போய் யுகேயை நீக்கிவிட வேண்டும்.

சில நேரம் பட்டியலில் யுகே இருக்காது, ஆனால் விண்டோஸ் கீ + ஸ்பேஸில் மட்டும் பேய் மாதிரி வந்து நிற்கும். அப்போது அதை நாமே ஒருமுறை சேர்த்துவிட்டு உடனே நீக்கினால் போய்விடும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தாலும் பெரும்பாலும் பலிக்கிறது.

பாஸ்வேர்டில் @ அல்லது # வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. சரியான பாஸ்வேர்டைத்தான் அடிக்கிறார்கள், தவறு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லாகின் திரையிலேயே வலது கீழ் மூலையில் லேஅவுட் மாற்றும் இடம் உண்டு. பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்து, என்ன விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது அதைவிடச் சுலபம். நாலாவது தடவை தவறாக அடித்து அக்கவுண்டைப் பூட்டிக்கொள்வதற்குப் பதில் முதல் தடவையே பார்த்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களில் கதை தலைகீழ். அச்சு யுகே, லேஅவுட் யுஎஸ். அச்சைப் பார்த்து அடிப்பவருக்கு யுகே லேஅவுட்டே வசதி. பார்க்காமல் அடிப்பவருக்கு யுஎஸ் அல்லது இந்தியா. ஜெர்மன் கீபோர்டு என்றால் @ இருப்பது வலது ஆல்ட் + கியூ. சுவிட்சர்லாந்துக் கீபோர்டில் வலது ஆல்ட் + 2. அங்கே வாழும் உறவினரின் லேப்டாப்பில் மின்னஞ்சல் திறக்க உட்காரும்போது இது தெரிந்தால் பிழைத்தோம்.

ஆல்ட் எண்கள்: லேப்டாப்பில் ஏன் சொதப்புகின்றன

டிகிரிக்கு ஆல்ட் + 0176 என்று எல்லோரும் சொல்வார்கள். லேப்டாப்பில் அடித்தால் ஒன்றும் நடக்காது. காரணம், இந்த எண்கள் வலப்பக்கத் தனி நம்பர் பேடில் மட்டுமே வேலை செய்யும். மேல் வரிசை எண்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 15.6 அங்குல லேப்டாப்கள் பலவற்றில் நம்பர் பேட் உண்டு; 14 அங்குலமும் அதற்குக் கீழும் பெரும்பாலும் கிடையாது.

பழைய சிறிய லேப்டாப்களில் நம்பர் பேட் எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும். 7, 8, 9 அதே இடத்தில். யு, ஐ, ஓ என்பவை 4, 5, 6. ஜே, கே, எல் என்பவை 1, 2, 3. எம் என்பது 0. கீயின் ஓரத்தில் வேறு நிறத்தில் அச்சாகியிருக்கும். எஃப்என் பிடித்து நம்லாக்கை அடித்தால் இது விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும்; இல்லையென்றால் பெயர் அடிக்கும்போது பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக வரும். "எழுத்து அடித்தால் நம்பர் வருகிறது" என்று வரும் பழைய லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதிய மாடல்களில் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஆல்ட் எண் வேண்டுமானால் யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்வதுதான் வழி. அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு அது எப்படியும் தேவைப்படும்.

நம்பர் பேட் இருந்தும் வரவில்லையென்றால் நம்லாக் அணைந்திருக்கும். பிரவுசரில் ஒரு நீளமான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது இது ஆபத்து. நம்லாக் அணைந்திருந்தால் நம்பர் பேடின் 4 என்பது இடது அம்புக்குறி. ஆல்ட் + இடது அம்பு என்றால் பிரவுசர் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். நிரப்பிய தகவலும் போகலாம்.

முன்னால் வரும் சைபரை விடக் கூடாது. ஆல்ட் + 171 அடித்தால் ½ வரும். ஆல்ட் + 0171 அடித்தால் « வரும். சைபர் இல்லாத எண்கள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகின்றன, சைபரோடு தொடங்குபவை விண்டோஸின் அட்டவணையிலிருந்து. இரண்டும் வேறு வேறு.

மனப்பாடம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. 0176-லிருந்து 0179 வரை அடுத்தடுத்து °, ±, ², ³. 0188, 0189, 0190 என்றால் கால், அரை, முக்கால்: ¼, ½, ¾. பெருக்கல் × 0215, வகுத்தல் ÷ 0247, மைக்ரோ µ 0181, நீண்ட கோடு — 0151, அதில் பாதி நீளமுள்ள – 0150. சதுர அடி, கன மீட்டர், வெப்பநிலை, மருந்தளவு என்று அன்றாடம் தேவைப்படுவது இவ்வளவில் முடிந்துவிடும்.

₹-க்கு இந்த வழியில் எண் இல்லை. விண்டோஸின் அந்தப் பழைய 256 எழுத்து அட்டவணையில் அது இடம்பெறவே இல்லை. இணையத்தில் ஆல்ட் + 8377 என்று எழுதியிருப்பார்கள். வேர்டில் அடித்தால் ₹ வரும். பழைய நோட்பேடில் ╣ என்று குழாய் இணைப்பு மாதிரி ஒன்று விழும். 255-க்கு மேற்பட்ட எண்ணை அது கையாளாது. 8377-ஐ 256-ஆல் வகுத்து மீதி 185-ஐ எடுத்துக்கொள்ளும். டாஸ் அட்டவணையில் 185-ஆம் இடத்தில் இருப்பது அந்தக் குழாய்தான்.

வேர்டில் ஆல்ட் + எக்ஸ்

நம்பர் பேட் இல்லாதவர்களுக்கு வேர்டில் இதைவிட நல்ல வழி இல்லை. குறியின் யூனிகோட் எண்ணை அடித்துவிட்டு உடனே ஆல்ட் + எக்ஸ். ரூபாய்க்கு 20பி9, நடுவில் உள்ள பி ஆங்கில எழுத்து B, சின்னதோ பெரியதோ எப்படி அடித்தாலும் சரி. வர்க்கமூலம் √ 221ஏ. டிகிரி 00பி0. தமிழில் ரூபாயைக் குறிக்கும் ௹ வேண்டுமா, 0பிஎஃப்9.

ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல் 37 டிகிரி என்று எழுத, 37-ஐ ஒட்டியே பி0 அடித்து ஆல்ட் + எக்ஸ் கொடுத்தால் 37, டிகிரி இரண்டும் காணாமல் போய் ஒரு சீன எழுத்து வந்து நிற்கும். வேர்டு பி0 என்று மட்டும் படிப்பதில்லை. இடைவெளி இல்லாததால் 37பி0 என்று முழுதாகப் படித்துவிடுகிறது, அந்த எண்ணில் இருப்பது ஒரு சீன எழுத்து. பதற வேண்டாம். அப்படியே இன்னொரு முறை ஆல்ட் + எக்ஸ் அடித்தால் பழையபடி 37பி0 ஆகிவிடும். பி0-வை மட்டும் செலக்ட் செய்து மறுபடி ஆல்ட் + எக்ஸ்.

இதே திரும்பும் குணம் ஒரு சோதனைக் கருவியும் ஆகும். எங்கிருந்தோ காப்பி செய்த ஒரு குறியின் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் அடித்தால் அதன் எண் தெரிந்துவிடும். ° என்பதும் º என்பதும் பார்வைக்கு ஒன்றுதான். முதலாவது டிகிரி, எண் 00பி0. இரண்டாவது ஸ்பானிஷ் மொழிக்காரர்கள் "ஆவது" என்பதற்குப் போடும் மேல் ஓ, எண் 00பிஏ. சில எழுத்துருக்களில் அதன் அடியில் ஒரு கோடு விழும். அச்சில் தப்பித்தாலும் தேடும்போது மாட்டிக்கொள்ளும்: 30° என்று தேடினால் 30º என்று எழுதிய வரிகள் அகப்படாது. பெருக்கல் குறிக்கு எக்ஸ் எழுத்தைப் போடுவதும் இந்த ரகம்தான். சாதாரணக் கடிதத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. லேபிலும் பொறியியல் வரைபடத்திலும் மைக்ரோவுக்கு ஆங்கில யு எழுத்தைப் போடுவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வேர்டு தானாகச் செய்யும் உதவிகளில் ஒன்று உபத்திரவம். பட்டியல் எழுதும்போது ஏ, பி, சி என்று அடைப்புக்குள் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு வந்தால் மூன்றாவது © ஆகிவிடும். மாறிய உடனே கன்ட்ரோல் + இசட் ஒருமுறை அடித்தால் அந்த மாற்றம் மட்டும் ரத்தாகும், அடித்தது போகாது. அதேபோல வேர்டு நேர் மேற்கோளை “ ” என்று வளைத்துவிடும். கடிதத்துக்கு அழகு. ஆனால் கட்டளைகளையோ புரோகிராம் வரிகளையோ வேர்டில் வைத்திருந்து, அங்கிருந்து காப்பி செய்து ஓட்டினால் பிழை வரும். அந்த மாதிரி வரிகளை நோட்பேடில் வையுங்கள்.

எக்செல் வேறு உலகம். அங்கே ஆல்ட் + எக்ஸ் கிடையாது. அதைவிட முக்கியம், செல்லுக்குள் கையால் 32° என்று அடித்தால் அது எண்ணாக இருக்காது, வெறும் எழுத்து, கூட்டலில் சேராது. ரீஜனல் செட்டிங் அமெரிக்கா என்று இருந்தால் ₹500-க்கும் இதே கதி. அடித்ததும் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலப்பக்கம் நின்றால் எண். எண்ணை மட்டும் அடித்துவிட்டு கன்ட்ரோல் + 1 கொடுத்து கரன்சியில் ₹-ஐத் தேர்ந்தெடுப்பதே முறை. டிகிரிக்கு அதே பெட்டியில் கஸ்டம் போய் 0"°" என்று கொடுத்தால் குறி கண்ணுக்குத் தெரியும், கணக்கிலும் குறுக்கிடாது.

அந்த ஃபைலை சிஎஸ்வியாக, அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாகச் சேமிக்கும்போது பட்டியலில் இரண்டு சிஎஸ்வி இருக்கும். சாதாரண "கமா டிலிமிடெட்" எடுத்தால் ₹ எல்லாம் ? ஆகிவிடும், தமிழ்ப் பெயர்களும் வரிசையாக ????. மூடித் திறந்த பிறகு மீட்க வழி இல்லை. "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்பதை எடுக்க வேண்டும். ?-க்கும் வெற்றுக் கட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது: கட்டம் என்றால் எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது, எழுத்துருவில்தான் வடிவம் இல்லை, எழுத்துருவை மாற்றினால் தெரியும். சேமிக்கும்போது ? ஆகிவிட்டது என்றால் எழுத்தே போய்விட்டது. டிகிரிக்கு முன்னால் தொப்பி வைத்த ஒரு ஏ எழுத்து வந்து நின்றால் அது மூன்றாவது வகை: யுடிஎஃப்-8 ஃபைலைப் பழைய முறையில் திறந்திருக்கிறீர்கள். சேமிக்காமல் மூடிவிட்டு, டேட்டா மெனுவிலிருந்து இம்போர்ட் செய்யுங்கள்.

மனப்பாடமே வேண்டாம் என்பவர்களுக்கு

விண்டோஸ் கீ + முற்றுப்புள்ளி. எமோஜி பெட்டி திறக்கும். அதன் மேல் வரிசையில் குறிகளுக்கென்று ஒரு தாவல் இருக்கிறது. பணம், கணிதம், லத்தீன் எழுத்துகள் எல்லாம் அங்கே. 2019-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. பலர் எமோஜியோடு நின்றுவிடுகிறார்கள், பக்கத்துத் தாவலைத் திறப்பதே இல்லை.

தினமும் அதே ஐந்தாறு குறிகள்தான் தேவை என்றால் இதைவிட வேகமானது கிளிப்போர்டு ஹிஸ்டரி. விண்டோஸ் கீ + வி அடித்து ஒருமுறை அதை ஆன் செய்யுங்கள். ₹, °, ², ½ என்று ஒவ்வொன்றாக காப்பி செய்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள பின்னைக் குத்திவிடுங்கள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் அவை அழியாது. டைப்பிங் சென்டரில் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு ஆல்ட் எண் அட்டவணையை ஒட்டிக் கொடுப்பதைவிட இது மேல்.

மேக்கில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆப்ஷன் + ஷிஃப்ட் + 8 டிகிரி, ஆப்ஷன் + வி வர்க்கமூலம், ஆப்ஷன் + பி (P) என்றால் π, ஆப்ஷன் + ஷிஃப்ட் + சமக்குறி என்றால் ±. மற்றவற்றுக்கு கன்ட்ரோல் + கமாண்ட் + ஸ்பேஸ். லினக்ஸில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + யு அடித்து, 20பி9 அடித்து, என்டர். உபுண்டுவில் கம்போஸ் கீ என்று ஒன்றை வைத்துக்கொண்டால் இன்னும் சுகம்: கம்போஸ், 1, 2 என்றால் ½, கம்போஸ், ஓ, ஓ என்றால் °. குறியின் உருவத்தையே அடிப்பது மாதிரி இருப்பதால் மறக்காது.

தமிழ் அடிக்கும்போது

தமிழ்99 லேஅவுட்டில் இருக்கும்போது [ அடித்தால் ச, ] அடித்தால் ஞ, ; அடித்தால் ந, ' அடித்தால் ய, / அடித்தால் ழ வரும். இது பழுதல்ல, தமிழ் எழுத்துகளுக்கு ஆங்கில வரிசையின் 26 கீ போதாததால் இந்த ஐந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேதிக்கு நடுவே / போட வேண்டுமென்றால் விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அடித்து ஆங்கிலத்துக்குப் போய் வர வேண்டும். தேதியில் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளியோ சிறு கோடோ போடுவது இந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் டிடிபிக்காரர்களின் சிக்கல் வேறு. அங்கே ஃபைலில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. ஆகவே சில குறிகளை அடித்தால் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துதான் விழும். அந்த ஒரு குறியை மட்டும் செலக்ட் செய்து ஏரியல் ஆக்கினால் சரியாகிவிடும். ஆனால் பின்னாளில் மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை. இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். முகவரிகளையும் குறிகளையும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும் கடைக்காரர்கள் ₹ விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. அந்த அட்டவணையில் £ உண்டு, ¥ உண்டு, ₹ இல்லை. செய்தியில் ஒரே ஒரு ₹ இருந்தாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடாகி அளவு 70 எழுத்தாகச் சுருங்கும். 150 எழுத்துச் செய்தி மூன்று எஸ்எம்எஸ் ஆகும், காசும் மூன்று மடங்கு. அங்கே பழைய ஆர், எஸ், புள்ளிதான் லாபம்.